கட்டியின் பெயரைக் கண்டுபிடிப்பது எப்படி?

அரிய கட்டிகள், பயாப்சி (திசுத் துண்டு எடுத்துச் சோதிப்பது), ஐ.ஹெச்.சி. (ஆன்டிபாடி கொண்டு திசுவில் குறிப்பிட்ட புரதத்தைத் தேடும் சோதனை) பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குத் திசு நோயியல் மருத்துவர்கள் பதில் அளிக்கிறார்கள்.

கேள்வி: அப்பாவின் தொடையில் இருந்த கட்டியில் ஊசி பயாப்சி எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் 'ஸ்பிண்டில் செல் கட்டி, ஐ.ஹெச்.சி. செய்து உறுதிப்படுத்தவும்' என்று மட்டும் இருக்கிறது. இது புற்றுநோயா, இல்லையா? நேரடியாகச் சொன்னால் என்ன?

பதில்: அந்த ஒரு வரியை வைத்துப் புற்றுநோய் என்றும் முடிவுகட்ட வேண்டாம், இல்லை என்றும் நிம்மதி அடைய வேண்டாம். ஸ்பிண்டில் செல் என்பது நோயின் பெயரல்ல, செல்லின் வடிவம். இரு முனையும் கூர்ந்து நடுவில் பருத்திருக்கும் இந்த செல்கள், தீங்கற்ற கட்டியிலும் இருக்கும், மிக மோசமான சர்கோமாவிலும் (எலும்பு, தசை, கொழுப்பு போன்ற திசுக்களில் தோன்றும் புற்றுநோய்) இருக்கும். நோடுலர் ஃபேசியைட்டிஸ் என்று ஒன்று உண்டு. சில வாரங்களிலேயே கிடுகிடுவென்று வளரும், மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் செல்கள் மும்முரமாகப் பிரிந்துகொண்டிருக்கும். சர்கோமா என்று நினைத்துப் பெரிய அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோய்விடக்கூடிய தோற்றம். ஆனால் அது தீங்கற்றது, பெரும்பாலும் தானாகவே சுருங்கிவிடும்.

எந்தப் பயாப்சியிலும் முதலில் பார்ப்பது ஹெச் அண்ட் ஈ என்ற வழக்கமான சாயம் ஏற்றிய ஸ்லைடைத்தான். செல்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன, உட்கரு எப்படி இருக்கிறது, ரத்தக் குழாய்கள் எந்த வடிவில் ஓடுகின்றன, திசு அழுகிய இடம் உண்டா என்று பார்த்து, நான்கைந்து சாத்தியங்களைக் குறித்துக்கொள்வோம். அவற்றுக்குள் எது என்று பிரித்துப் பார்க்கத்தான் ஐ.ஹெச்.சி. அதில் தேடும் புரதங்களை மார்க்கர் என்போம். ஸ்டாட்6 என்ற மார்க்கர் உட்கருவில் படிந்தால் சாலிட்டரி ஃபைப்ரஸ் கட்டி. பீட்டா கேட்டனின் உட்கருவில் படிந்தால், தோற்றமும் ஒத்துப்போகும் பட்சத்தில், டெஸ்மாய்டு. டெஸ்மினும் கால்டெஸ்மானும் பாசிட்டிவ் என்றால் மென்தசையிலிருந்து வந்த கட்டி. எஸ்எஸ்18-எஸ்எஸ்எக்ஸ் பாசிட்டிவ் என்றால் சைனோவியல் சர்கோமா.

இந்தப் பெயர்கள் வெறும் பெயர்கள் அல்ல. டெஸ்மாய்டு வேறு உறுப்புக்குப் பரவாது, பல நேரம் அறுவை செய்யாமல் கண்காணித்தாலே போதும். சைனோவியல் சர்கோமாவை அப்படி விட முடியாது. எனவே ஐ.ஹெச்.சி. வரும்வரை காத்திருப்பது வீணான தாமதம் அல்ல. அதற்கு முன்பே 'எப்படியும் எடுக்க வேண்டியதுதானே' என்று கட்டியை அவசரமாகச் சுரண்டி எடுப்பதுதான் ஆபத்து. கட்டி சர்கோமாவாக இருந்துவிட்டால், கத்தி பட்ட இடமெல்லாம் செல்கள் சிதறியிருக்கும். அடுத்த அறுவை சிகிச்சையில் அந்தப் பகுதி முழுவதையும் வெட்டி எடுக்க நேரிடும்.

கேள்வி: ஐ.ஹெச்.சி.யில் உண்மையில் என்ன செய்கிறார்கள்? ஏன் இத்தனை நாள் ஆகிறது?

பதில்: ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியைத் திசுவின் மேல் விடுகிறோம். அது ஒட்டிய இடம் பழுப்பு நிறமாகத் தெரியும்படி செய்கிறோம். 1941-இல் ஆல்பர்ட் கூன்ஸ் குழு ஒளிரும் சாயத்தை ஆன்டிபாடியோடு இணைத்துத் தொடங்கிவைத்த வழி இது. 1975-இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை ஆன்டிபாடியை அளவின்றித் தயாரிக்கும் முறையைக் கண்டுபிடித்த பிறகுதான் இது அன்றாட ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தது.

செய்முறை இது. திசுவை மெழுகில் புதைத்துச் செய்த பாரஃபின் பிளாக்கிலிருந்து 3 முதல் 4 மைக்ரான் தடிமனில் சீவலை வெட்டி, திசு கழன்றுவிடாத மின்னூட்டம் ஏற்றிய ஸ்லைடில் எடுத்து, 60 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கி ஒட்டவைக்க வேண்டும். சைலீனில் மெழுகைக் கரைத்து, படிப்படியாக அடர்த்தி குறையும் ஆல்கஹாலில் இறக்கி, தண்ணீருக்குக் கொண்டுவர வேண்டும். அடுத்தது ஆன்டிஜன் மீட்பு. திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பின்னிவிடுவதால் ஆன்டிபாடி ஒட்ட வேண்டிய இடம் மறைந்துபோகிறது. அதைத் திறக்க, பிஹெச் 6 உள்ள சிட்ரேட் கரைசலிலோ பிஹெச் 9 உள்ள ட்ரிஸ்-ஈடிடிஏ கரைசலிலோ 95 டிகிரிக்கு மேல் 20 முதல் 40 நிமிடம் வைத்து, பிறகு மெதுவாக ஆறவிட வேண்டும். திசுவிலேயே இருக்கும் பெராக்சிடேஸ் என்சைமை 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடால் அடக்க வேண்டும். அதன் பிறகு முதன்மை ஆன்டிபாடி, அதைப் பிடித்துக்கொள்ளும் பாலிமர், பழுப்பு நிறம் தரும் டேப் (டி.ஏ.பி.) என்ற வேதிப்பொருள், கடைசியில் உட்கருவை நீலமாக்கும் ஹீமடாக்சிலின். ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையே பஃபரில் கழுவ வேண்டும். நடுவில் ஒருமுறை ஸ்லைடு காய்ந்துவிட்டாலும் ஓரமெல்லாம் பழுப்பேறி, எது உண்மை எது பொய் என்று தெரியாமல் போகும்.

இந்த வேலை ஒரே நாளில் முடியும். நாள் பிடிப்பது வேறு காரணத்தால். முதல் சுற்று மார்க்கர்களின் விடையைப் பார்த்துத்தான் இரண்டாம் சுற்றை முடிவுசெய்ய முடியும். அரிய கட்டி என்றால் மூன்றாம் சுற்றும் வரலாம்.

கேள்வி: நான் அறுவை சிகிச்சைப் பயிற்சி மருத்துவர். அனுப்பும் திசு 'சரியாகப் பதப்படவில்லை' என்று ஆய்வகத்திலிருந்து அடிக்கடி சொல்கிறார்கள். எங்கே தவறு நடக்கிறது?

பதில்: இந்தக் கேள்வியை அறுவை அரங்கில் இருக்கும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டும். ஐ.ஹெச்.சி. பொய்த்துப்போவதற்கான காரணங்களில் பெரும்பகுதி ஆய்வகத்துக்கு வெளியே, திசு உடலைவிட்டு வந்த முதல் ஒரு மணி நேரத்தில் நடக்கிறது.

ஃபார்மலின் 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினாக இருக்க வேண்டும். ஸ்டாக் கரைசலில் குத்துமதிப்பாகத் தண்ணீர் கலந்து வைத்தால் நாளடைவில் அமிலம் கூடி, திசுவில் கருப்புப் பழுப்புத் துகள்கள் படியும், ஆன்டிஜனும் கெடும். அளவு, திசுவின் கனஅளவைப்போல் குறைந்தது 10 மடங்கு, முடிந்தால் 20 மடங்கு. சின்னப் பாட்டிலில் பெரிய கட்டியைத் திணித்து, இடுக்கில் கொஞ்சம் ஃபார்மலின் ஊற்றி அனுப்புவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் பிழை. மேல்தோல் மட்டும் வெளிறி விறைத்திருக்கும், வெட்டினால் உள்ளே ரத்தச் சிவப்பாக, சில நேரம் நாற்றத்தோடு இருக்கும். ஃபார்மலின் மெதுவாகத்தான் ஊடுருவும். மணிக்கு ஏறத்தாழ 1 மி.மீ. என்று கணக்கு வைத்துக்கொண்டால், 8 செ.மீ. கட்டியின் மையத்தை அது எட்டுவதற்குள் அங்கே செல்கள் தம்மைத் தாமே செரித்து முடித்திருக்கும். எனவே பெரிய கட்டியை உடனே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். விளிம்புகளுக்கு மை தடவி, 1 செ.மீ. இடைவெளியில் கீறித் திறந்து ஊறவைப்பார்கள். அனுப்ப நேரமாகும் என்றால், எப்படித் திறப்பது என்று போனில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். விளிம்பு தெரியாமல் நீங்களே கண்டபடி வெட்டிவிட்டால், கட்டி முழுதாக எடுக்கப்பட்டதா என்பதை யாராலும் சொல்ல முடியாது.

மார்பகத் திசுவுக்கு வகுத்திருக்கும் விதி மற்றவற்றுக்கும் நல்ல வழிகாட்டி: ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் இறங்க வேண்டும், 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மிகாமல் ஊற வேண்டும். வார விடுமுறைக்கு முன்தினம் மாலை எடுக்கும் பயாப்சிகளில் இந்தக் கணக்கு தவறுகிறது. எடுத்த நேரமும் ஃபார்மலினில் போட்ட நேரமும் படிவத்தில் இருந்தால் எங்களுக்குப் பெரிய உதவி.

திசுவைக் காய்ந்த பஞ்சிலோ கட்டுத்துணியிலோ வைக்காதீர்கள். பல்லுள்ள ஃபோர்செப்ஸால் நசுக்காதீர்கள். சிறிய வட்ட செல் கட்டிகளில் நசுங்கிய செல்கள் நீல மைக் கோடுகளாக இழுபட்டு, எந்த மார்க்கரையும் நம்ப முடியாமல் செய்துவிடும். லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்றுநோய்) சந்தேகம் என்றால் ஒரு பகுதியை ஃபார்மலினில் போடாமல் பச்சையாகவே அனுப்ப வேண்டும், செல்களை ஒவ்வொன்றாக ஆராயும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனைக்கு அது தேவை. எலும்புக் கட்டியில் இன்னொரு கண்ணி. சுண்ணாம்பை நீக்க வலுவான அமிலத்தில் போட்டால் டிஎன்ஏ சிதைந்து, மரபணுச் சோதனைக்கு உதவாது. மென்மையான துண்டுகளைத் தனியே பிரித்து அமிலம் படாமல் ஒரு பிளாக், கடினமானதை ஈடிடிஏவில் மெதுவாக. இதை முதலிலேயே செய்தால்தான் உண்டு. அமிலத்தில் போட்டதைத் திரும்பப் பெற வழியில்லை.

இன்னும் ஒன்று, படிவம். 'கட்டி, ஹெச்பிஇ-க்கு (திசு நோயியல் சோதனைக்கு)' என்று ஓரிரு சொல்லில் வரும் படிவங்களால் நோயாளிக்குத்தான் இழப்பு. வயது, கட்டி இருக்கும் ஆழம், அளவு, எத்தனை நாளாக வளர்கிறது, ஸ்கேனில் என்ன தெரிந்தது, முன்பு புற்றுநோய் இருந்ததா, கதிர்வீச்சோ கீமோவோ கொடுத்தாகிவிட்டதா என்பதை எழுதுங்கள். அரிய கட்டியில் பாதி விடை அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: ஆய்வக டெக்னீஷியனாக இருக்கிறேன். ஒரு பயாப்சியில் ஐஎன்ஐ1 சாயம் எங்கேயும் படியவில்லை. 'ஐஎன்ஐ1 இழப்பு' என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: 'எங்கேயும்' என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்தச் சொல்லில்தான் விடை இருக்கிறது. எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஐஎன்ஐ1 உடலின் எல்லா செல்களின் உட்கருவிலும் இருக்கும் புரதம். இழப்பு என்று சொல்ல வேண்டுமானால், ஒரே சீவலில் கட்டி செல்களின் உட்கருக்கள் வெறும் நீலமாகவும், அவற்றுக்கு நடுவே ஓடும் ரத்தக் குழாயின் உள்சுவர் செல்களும் அங்கங்கே கிடக்கும் லிம்ஃபோசைட்டுகளும் பழுப்பாகவும் இருக்க வேண்டும். 40 மடங்கு லென்ஸை வைத்து, கட்டிக்குள் ஒரு மெல்லிய தந்துகியைத் தேடிப் பிடியுங்கள். அதன் தட்டையான உட்கரு பளிச்சென்று பழுப்பாக இருந்து, ஒட்டி நிற்கும் கட்டி செல் நீலமாக இருந்தால் அது உண்மையான இழப்பு. எபிதெலாய்டு சர்கோமா, ராப்டாய்டு கட்டி, சிறுநீரக மெடுல்லரி கார்சினோமா போன்றவை நினைவுக்கு வர வேண்டும். ரத்தக் குழாயும் நீலமாக இருந்தால் சோதனை தோற்றுவிட்டது என்றே பொருள்.

தோற்றதற்குக் காரணம் தேடும்போது கூடவே வைத்த கண்ட்ரோல் ஸ்லைடை (சாயம் படியும் என்று முன்பே தெரிந்த திசு) பாருங்கள். அதுவும் படியவில்லை என்றால் ஆன்டிபாடி, பாலிமர், டேப் இவற்றில் ஒன்று விடுபட்டிருக்கலாம், காலாவதி ஆகியிருக்கலாம், அல்லது மீட்புக் கரைசலின் பிஹெச் தவறாக இருக்கலாம். கண்ட்ரோல் நன்றாகப் படிந்து நோயாளியின் திசு மட்டும் படியவில்லை என்றால் குற்றம் திசுவின் பதப்படுத்தலில். அமிலத்தில் போட்டதா, நாள் கணக்கில் உலர்ந்ததா, வெட்டி வைத்துப் பல மாதங்களான சீவலா என்று விசாரியுங்கள். வேறு பிளாக் இருந்தால் அதில் திரும்பச் செய்யுங்கள். மங்கலாகப் படிந்ததை இழப்பு என்று எழுதுவதும் தவறு. சைனோவியல் சர்கோமாவில் ஐஎன்ஐ1 பெரும்பாலும் மங்கும், ஆனால் முற்றிலும் மறைவதில்லை.

நெகட்டிவில் உள்ள கண்ணி இது. பாசிட்டிவிலும் கண்ணிகள் உண்டு. அழுகிய பகுதியும் சீவலின் ஓரமும் காரணமில்லாமல் பழுப்பேறும், அங்கே பார்த்து எதையும் முடிவுசெய்யக் கூடாது. மெலனின் நிறைந்த கட்டியில் நிறமியே பழுப்பு என்பதால் டேப்பை நம்ப முடியாது, சிவப்பு நிறம் தரும் குரோமோஜனுக்கு மாறுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், சாயம் எந்த இடத்தில் படிந்தது என்பது. ஸ்டாட்6 உட்கருவில் படிந்தால்தான் கணக்கு. சைட்டோபிளாசத்தில் எவ்வளவு அடர்த்தியாகப் படிந்தாலும் அதற்கு மதிப்பில்லை.

கேள்வி: தம்பியின் இரைப்பைக் கட்டி ரிப்போர்ட்டில் 'சிடி117 பாசிட்டிவ்' என்று இருக்கிறது. அப்படியானால் ஜிஸ்ட் உறுதிதானே? உடனே மாத்திரை ஆரம்பிக்கலாமா?

பதில்: ஜிஸ்ட்டாக (இரைப்பை, குடல் சுவரில் தோன்றும் ஒரு வகைச் சர்கோமா) இருக்க வாய்ப்பு மிக அதிகம், ஆனால் சிடி117 ஒன்றே சான்றாகாது. மெலனோமா, செமினோமா, மாஸ்ட் செல் நோய்கள் எனப் பலவற்றில் அது படியும். கூடவே டாக்1 என்ற இன்னொரு மார்க்கரும் பாசிட்டிவாக இருந்து, செல்களின் தோற்றமும் பொருந்தினால் சந்தேகம் தீரும். ஜிஸ்ட்களில் ஏறத்தாழ 95 சதவீதத்தில் சிடி117 படியும். படியாத மீதியைக் கண்டுபிடிப்பதிலும் டாக்1 கைகொடுக்கும்.

மாத்திரைக்கு முன் இன்னொரு படி இருக்கிறது. 1998-இல் ஜிஸ்ட்டில், சிடி117 புரதத்தை உருவாக்கும் கிட் மரபணுவில் பிறழ்வு கண்டறியப்பட்டது. பிறகு இமாடினிப் மாத்திரை வந்தது, அதுவரை கீமோவுக்கு அசையாத இந்தக் கட்டியின் கதையே மாறியது. ஆனால் எல்லா ஜிஸ்ட்டும் அதற்கு மசியாது. கிட் மரபணுவின் எக்ஸான் 11 என்ற பகுதியில் பிறழ்வு என்றால் நன்றாகக் கேட்கும். எக்ஸான் 9 என்றால் வழக்கமான 400 மி.கி.க்குப் பதில் 800 மி.கி. பற்றி மருத்துவர் யோசிப்பார். பிடிஜிஎஃப்ஆர்ஏ மரபணுவில் டி842வி என்ற பிறழ்வு இருந்தால் இமாடினிப் பயன் தராது. தம்பி இளம் வயதினர் என்றால் எஸ்டிஹெச்பி என்ற புரதத்துக்கான சாயமும் செய்தார்களா என்று கேளுங்கள். அது இழக்கப்பட்ட இரைப்பை ஜிஸ்ட்கள் இளையோருக்கு அதிகம் வரும், சிடி117 பாசிட்டிவாகவே இருந்தாலும் இமாடினிப்புக்குச் சரியாகக் கட்டுப்படாது. பரம்பரைக் கூறு இருக்கலாம் என்பதால் குடும்பத்தாருக்கு மரபியல் ஆலோசனையும் தேவைப்படும்.

கேள்வி: கே.ஐ.-67 25 சதவீதம் என்றால் உடலில் 25 சதவீதம் பரவிவிட்டதா?

பதில்: இல்லை, பரவலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கட்டி செல்களில் நூற்றுக்கு 25 செல்கள் பிரியும் சுழற்சியில் இருக்கின்றன என்று பொருள். கட்டியைப் பொறுத்து அதன் எடை மாறும். இரைப்பை, குடல், கணைய நியூரோ எண்டோகிரைன் (ஹார்மோன் சுரக்கும் வகை செல்களில் தோன்றும்) கட்டிகளில் 3-க்குக் கீழ் தரம் 1, 3 முதல் 20 வரை தரம் 2, 20-க்கு மேல் தரம் 3. அதிகமாகப் படிந்த இடத்தில் குறைந்தது 500 செல்களையாவது எண்ணிச் சொல்ல வேண்டும். கண்ணளவில் மதிப்பிட்டால் 2-ம் 4-ம் இடம் மாறிவிடும், தரமும் மாறிவிடும். ஜிஸ்ட்டில் ஆபத்தைக் கணிப்பது இதை வைத்து அல்ல, 5 சதுர மி.மீ. பரப்பில் பிரியும் செல்களை எண்ணி, கட்டியின் அளவையும் இடத்தையும் சேர்த்து.

கேள்வி: எங்கள் குழந்தைக்கு 'சிறிய வட்ட நீல செல் கட்டி' என்கிறார்கள். பத்துக்கும் மேல் சோதனை எழுதியிருக்கிறார்கள். அத்தனையும் வேண்டுமா? இருக்கும் திசு போதுமா?

பதில்: வேண்டும். இந்தத் தோற்றத்தில் யூவிங் சர்கோமா, ராப்டோமயோசர்கோமா, நியூரோபிளாஸ்டோமா, லிம்ஃபோமா என்று பல நோய்கள் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கீமோ மருந்துகள் வேறு, சில முழுதாகவே குணமாகக்கூடியவை. அதனால்தான் பெயர் தப்பக் கூடாது என்று மெனக்கெடுகிறோம்.

ஒரு மார்க்கரை நம்பி இறங்கினால் எப்படி விழுவோம் என்பதற்கு இதோ ஓர் உதாரணம். யூவிங் சர்கோமாவில் சிடி99 செல்லின் சுற்றுச்சுவர் முழுக்க அடர்த்தியாகப் படியும். லிம்ஃபோபிளாஸ்டிக் லிம்ஃபோமாவிலும் அதே மாதிரி படியும். லிம்ஃபோமாவைப் பிடிக்க வழக்கமாகப் போடும் சிடி45 இந்த வகையில் நெகட்டிவாகவும் இருக்கலாம். சிடி99 பாசிட்டிவ், சிடி45 நெகட்டிவ், ஆகவே யூவிங் என்று எழுதினால் குழந்தைக்குத் தவறான சிகிச்சை போகும். லிம்ஃபோபிளாஸ்டிக் வகையைக் காட்டிக்கொடுக்கும் டிடிடி என்ற மார்க்கரைச் சேர்த்துப் போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். எனவே சிடி99-ஓடு என்கேஎக்ஸ்2.2, டிடிடி, டெஸ்மின், மயோஜெனின், சினாப்டோஃபைசின் எல்லாம் ஒரே சுற்றில் போக வேண்டும்.

திசு போதுமா என்பது நியாயமான கவலை. ஊசி பயாப்சித் துண்டு 1 முதல் 2 மி.மீ. அகலம்தான். பிளாக்கை ஒவ்வொரு முறை மெஷினில் ஏற்றும்போதும் சமன்செய்யவே கொஞ்சம் திசு வீணாகும். அதனால் முதல்முறை ஏற்றும்போதே 10 முதல் 15 வெற்றுச் சீவல்களை வெட்டி வைத்துக்கொள்வதும், துண்டுகளை இரண்டு பிளாக்குகளாகப் பிரித்து ஒன்றை மரபணுச் சோதனைக்கு ஒதுக்குவதும் நல்ல வழக்கம். 'திசு தீர்ந்துவிடாமல் ஒரு பிளாக் ஒதுக்கியிருக்கிறார்களா?' என்று நீங்களும் கேட்கலாம், தவறில்லை.

கேள்வி: மரபணுச் சோதனை வந்த பிறகு ஐ.ஹெச்.சி. எதற்கு?

பதில்: ஐ.ஹெச்.சி. விரைவானது, குறைந்த திசுவில் முடியும், எந்த செல்லில் மாற்றம் என்பதைக் கண்ணால் காட்டும். மரபணு மாற்றத்தின் விளைவையே காட்டும் ஆன்டிபாடிகளும் இப்போது உண்டு. என்யூடி கார்சினோமாவில் என்யூடி, எபிதெலாய்டு ஹீமாஞ்சியோஎண்டோதீலியோமாவில் கேம்டா1, எலும்பு ஜயன்ட் செல் கட்டியில் ஹெச்3 ஜி34டபிள்யூ இவையெல்லாம் அந்த ரகம். மறுபக்கம், ஒளிரும் சாயத்தால் மரபணு உடைவைக் காட்டும் ஃபிஷ் சோதனையில் இடபிள்யூஎஸ்ஆர்1 மரபணு உடைந்திருக்கிறது என்று மட்டும் வந்தால், அது யூவிங்காகவும் இருக்கலாம், கிளியர் செல் சர்கோமாவாகவும் இருக்கலாம். உடைந்த துண்டு எதோடு சேர்ந்தது என்பதை அந்தச் சோதனை சொல்லாது. தோற்றம், சாயம், மரபணு மூன்றும் ஒரே பக்கம் கைகாட்ட வேண்டும். ஒன்று முரண்பட்டால் நிறுத்தி, ஸ்லைடு மாறிப்போனதா என்பதிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

கேள்வி: இரண்டாவது கருத்துக்கு என்னென்ன எடுத்துப்போக வேண்டும்? முதல் மருத்துவர் தவறாக நினைப்பாரோ என்று தயக்கமாக இருக்கிறது.

பதில்: தயங்காதீர்கள். ஐரோப்பிய வரையறைப்படி ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 6 பேருக்கும் குறைவாக வருவது அரிய புற்றுநோய். அவற்றில் சிலவற்றைப் பொதுவான ஆய்வகம் பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பார்க்கும். அதையே தினமும் பார்ப்பவரிடம் அனுப்புவது எங்களுக்குள் அன்றாட வழக்கம், பல நேரம் நாங்களே அனுப்புகிறோம்.

ரிப்போர்ட்டின் நகல் மட்டும் போதாது. பாரஃபின் பிளாக், ஹெச் அண்ட் ஈ ஸ்லைடுகள், செய்து முடித்த ஐ.ஹெச்.சி. ஸ்லைடுகள், ஸ்கேன் படங்கள், அறுவை சிகிச்சைக் குறிப்பு எல்லாம் வேண்டும். பிளாக் தர முடியாது என்றால் வெற்றுச் சீவல்கள் 10 முதல் 15 வரை, மின்னூட்டம் ஏற்றிய ஸ்லைடில், வெட்டிய தேதியோடு கேளுங்கள். சாதாரண ஸ்லைடில் வெட்டித் தந்தால் ஆன்டிஜன் மீட்புச் சூட்டில் திசு கழன்று மிதந்துவிடும். பிளாக்கை வெயிலிலோ மூடிய வண்டியிலோ விடாதீர்கள், மெழுகு உருகும். அதன்மேல் உள்ள எண்ணும் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று வாங்கும் இடத்திலேயே சரிபாருங்கள். வேலை முடிந்ததும் மீதி பிளாக்கைத் திரும்பப் பெற்று, வாங்கிய ஆய்வகத்திலேயே ஒப்படையுங்கள். பின்னாளில் புதிய மருந்துக்கான சோதனை வந்தால் அந்த பிளாக்தான் வேண்டியிருக்கும்.

கேள்வி: எல்லாச் சோதனையும் செய்தும் அம்மாவின் ரிப்போர்ட்டில் 'வகைப்படுத்த இயலாத ப்ளியோமார்ஃபிக் சர்கோமா' என்றே வந்திருக்கிறது. சோதனை தோல்வியா?

பதில்: தோல்வி அல்ல. எந்தத் திசுவின் அடையாளமும் இல்லாத சர்கோமாக்கள் உண்மையிலேயே உண்டு, உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வகைப்பாட்டிலும் அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் மற்ற எல்லாவற்றையும் விலக்கிய பிறகே அந்தப் பெயருக்கு வர வேண்டும். ஆகவே மூன்று விஷயங்களை விசாரியுங்கள். கெரட்டின், எஸ்100, சாக்ஸ்10 செய்து கார்சினோமாவையும் மெலனோமாவையும் விலக்கினார்களா? கட்டி வயிற்றின் பின்புறத்தில் இருந்தால் எம்டிஎம்2 பார்த்தார்களா? அங்கே இந்தத் தோற்றத்தில் வருவது பெரும்பாலும் டீடிஃபரன்ஷியேட்டட் லைப்போசர்கோமாதான். கட்டியிலிருந்து எத்தனை பிளாக் எடுத்தார்கள்? ஒவ்வொரு செ.மீ.க்கும் ஒன்று என்பது பொதுவான கணக்கு. 12 செ.மீ. கட்டியில் மூன்றே பிளாக் என்றால், ஃபார்மலினில் மீதம் இருக்கும் திசுவை அழிப்பதற்குள் ஆய்வகத்தை அழைத்து இன்னும் சில பிளாக் எடுக்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட் கொடுத்த சில வாரங்களிலேயே மீதித் திசுவை அப்புறப்படுத்திவிடுவார்கள் என்பதால் இந்த அழைப்பை நாளைக்குத் தள்ள வேண்டாம்.